மண்ணுக்குள் இறங்கும் கலங்கரை விளக்கம்

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி, நடுவே மணல் திட்டு. அதன்மேல் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். பெயர் தந்த கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில், யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' வழக்கம் தலைமுறைகளாக நடக்கிறது. ரயில் ஏறவேண்டும் என்றால் பொன்னேரிக்குப் போகவேண்டும். இங்கே தண்டவாளமே கிடையாது.

இந்த ஊரை எடுத்துக்கொண்டு சென்னை நகரத்தின் நடுவே தோண்டும் சுரங்க ரயில் நிலையத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் நான்காவது வழித்தடம் தொடங்குகிற நிலையத்தின் பெயரும் கலங்கரை விளக்கம்தான். மெரினாவில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், காமராஜர் சாலையை ஒட்டி அதற்கான குழி தோண்டப்பட்டது. 2023 செப்டம்பரில் அங்கே இறக்கிவிடப்பட்ட சுரங்கம் தோண்டும் இயந்திரத்துக்கு வைத்த பெயர் 'பிளமிங்கோ'. குளிர்காலத்தில் பழவேற்காடு ஏரிக்குக் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் அதே பூநாரை. இதே வழித்தடத்தில் வேலை செய்யும் மற்ற இயந்திரங்களுக்கும் மயில், கழுகு, பெலிகன் என்று பறவைப் பெயர்கள்தான். பெலிகனும் பழவேற்காட்டுக்காரர்களுக்குத் தெரிந்த கூழைக்கடா.

இன்னொரு தொடர்பும் உண்டு. அந்த வழித்தடத்தில் ஓடப்போகும் ஓட்டுநர் இல்லாத ரயில்களை அல்ஸ்டாம் நிறுவனம் தயாரிப்பது ஸ்ரீசிட்டியில். ஏரியின் ஆந்திரப் பக்கம், தடா அருகே இருக்கிறது அந்தத் தொழிற்பேட்டை. 26 ரயில், ஒவ்வொன்றுக்கும் 3 பெட்டி. முதல் கட்டத்துக்கு முதலில் வந்த 9 ரயில்கள் பிரேசிலில் செய்தவை. மற்றவை ஸ்ரீசிட்டியில் உருவானவை. ஏரிக்கரைப் பக்கம் பெட்டி பிறக்கிறது, மெரினாவின் மண்ணுக்குள் ஓடப்போகிறது. ஏரிக்கரைக் குப்பத்துக்கு ரயில் வருகிறதா என்பது வேறு விஷயம்.

இரண்டாம் கட்டத்தின் அளவு பெரியது. மாதவரத்திலிருந்து சிப்காட், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் என மூன்று வழித்தடங்கள், மொத்தம் 118.9 கிலோமீட்டர். 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 3 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி ஆகியவை கடன் தருகின்றன. மொத்த நீளத்தில் 42 கிலோமீட்டருக்கு மேல் மண்ணுக்கடியில் போகிறது. மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, நந்தனம், பனகல் பூங்கா, கோடம்பாக்கம் என்று நகரத்தின் நெரிசலான பாகங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் வருகின்றன.

செய்தித்தாளில் படம் வருவது எப்போதும் சுரங்கம் தோண்டும் இயந்திரத்துக்குத்தான். அது சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும் நாளில் அமைச்சர் வருகிறார், கைதட்டல், பூங்கொத்து. ஆனால் நகரத்தின் நடுவே தரையடி ரயில் கட்டுவதில் உண்மையான சிரமம் சுரங்கத்தில் இல்லை, நிலையத்தில் இருக்கிறது. சுரங்கத்தை இயந்திரம் தரைக்குக் கீழேயே தோண்டிக்கொண்டு போய்விடும். மேலே இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. நிலையத்துக்கோ தெருவையே திறக்கவேண்டும். இருநூறு மீட்டர் நீளத்துக்கு, சாலையின் முழு அகலத்துக்கு, ஆண்டுக்கணக்கில்.

அந்தத் திறப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். முதலில் நீலத் தகர பேரிகேட் வரிசை எழும். சாலைக்கு அடியில் போகும் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கேபிள், தொலைபேசிக் கேபிள் எல்லாவற்றையும் இடம் மாற்றவேண்டும். வரைபடத்தில் இல்லாத குழாய்கள் முளைப்பது பழைய நகரங்களில் வழக்கம். பல மாதங்கள் இதிலேயே போய்விடும். பிறகுதான் நிலையத்தின் நான்கு பக்கமும் மண்ணுக்குள் கான்கிரீட் சுவர் இறக்குவார்கள். வேலைத்தளத்தில் அதன் பெயர் 'டி-வால்'. ஒரு மீட்டர் அளவு அகலமுள்ள பள்ளத்தைத் துண்டு துண்டாகத் தோண்டுகிறார்கள். தோண்டத் தோண்டப் பள்ளம் சரியாமல் இருக்க பெண்டோனைட் களிமண் கரைசலை நிரப்பிக்கொண்டே போகிறார்கள். அடிமட்டம் வந்ததும் கம்பிக் கூண்டைக் கிரேனில் தூக்கி உள்ளே இறக்கி, குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றுவார்கள். கான்கிரீட் ஏற ஏற கரைசல் மேலே வந்து வெளியேறும். ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு. இரண்டு துண்டுகளும் சேரும் மூட்டு சரியாக அமைந்ததா என்பதில்தான் அந்தத் தெருவின் தலைவிதி இருக்கிறது.

சுவர் முடிந்ததும் இரண்டு வழிகள். குழியை அடிவரை தோண்டி, இரும்புத் தாங்கிகளால் இரு சுவரும் உள்ளே சாயாமல் முட்டுக் கொடுத்து, அடித்தளத்திலிருந்து மேலே கட்டிக்கொண்டு வருவது ஒன்று. கூரையை முதலில் போட்டு, அதன்மேல் சாலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூரைக்குக் கீழே இருட்டில் தோண்டிக்கொண்டே இறங்குவது இன்னொன்று. நெரிசலான தெருவில் இரண்டாவதுதான் நியாயம். ஆனால் அதற்கு நேரமும் செலவும் கூடுதல். சுரங்க இயந்திரத்தை இறக்கும் இடமாக இருந்தால் குழியின் ஒரு பகுதியைத் திறந்தே வைக்கவேண்டும். மெரினாவில் அப்படித்தான்.

மெரினாவில் மண்ணும் வேறு மாதிரி. சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்த பிறகு தெற்குப் பக்கம் சேர்ந்த மணல்தான் இன்றைய அகன்ற மெரினா. அதே காரணத்தால் வடக்கே காசிமேடு தொடங்கி எண்ணூர்ப் பக்கம் வரை கரை அரிக்கப்பட்டுக்கொண்டே போகிறது. சேர்ந்த மணலில் சில மீட்டர் தோண்டினாலே தண்ணீர். லைட்ஹவுஸ் குப்பத்தில் ஊற்றுக்குழி தோண்டிப் பழகிய எவருக்கும் மணல் குழியின் விளிம்பு என்ன செய்யும் என்று சொல்லித்தரத் தேவையில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், தண்ணீர் பக்கவாட்டில் உள்ளே வருவது மட்டும் தொல்லை இல்லை. அடியிலிருந்து மேலே தள்ளுகிறது. ஆள் ஏறாத, பொருள் ஏற்றாத காலிப் படகைப் போல, நிலையத்தின் காலிப் பெட்டியும் நிலத்தடி நீரில் மிதக்கப் பார்க்கும். அதனால்தான் அடித்தளக் கான்கிரீட்டை அத்தனை தடிமனாக ஊற்றுகிறார்கள். மேல்கூரையின் எடை, அதன்மேல் நிரப்பும் மண்ணின் எடை, சுவருக்கும் மண்ணுக்கும் உள்ள உராய்வு எல்லாம் மிதப்பைத் தடுக்கும் கணக்கில் சேர்கின்றன. போதவில்லை என்றால் கீழே தூண்கள் இறக்கிக் கட்டிப்போடவும் வேண்டியிருக்கும்.

மெரினாவிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி, கச்சேரி ரோடு கடந்து, திருமயிலை. சென்னையில் கட்டப்படும் நிலையங்களில் மிக ஆழமானவற்றில் ஒன்று இது. ஏறத்தாழ 35 மீட்டர், அதாவது பத்து மாடிக் கட்டடத்தைத் தலைகீழாக இறக்குகிற ஆழம். இத்தனை ஆழம் ஏன்? மூன்றாவது வழித்தடமும் நான்காவது வழித்தடமும் இங்கே சந்திக்கின்றன. மேலே பறக்கும் ரயிலின் திருமயிலை நிலையமும் பக்கிங்காம் கால்வாயும் ஏற்கெனவே இடத்தைப் பிடித்துவிட்டன. சுற்றிலும் லஸ் கார்னர். கடை, கோயில், குடியிருப்பு என அங்குல இடம் மிச்சமில்லை. பக்கத்தில் பரவ முடியாத நிலையம் கீழே இறங்கித்தான் ஆகவேண்டும். நடைமேடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகிறார்கள். பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவரைப் பார்க்க லட்சக்கணக்கில் ஆட்கள் கூடுகிற ஊர் அது. பேரிகேட்டுக்கும் மாடவீதிக்கும் இடையில் கூட்டத்தை எப்படி நகர்த்துவது என்பது பொறியாளர் பாடப்புத்தகத்தில் இல்லாத பாடம்.

சென்னை இந்தப் பாடத்தை முதல் கட்டத்தில் நிறையவே படித்தது. 2017 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை. அண்ணா சாலையில் சர்ச் பார்க் பள்ளிக்கு எதிரே சாலை உள்வாங்கியது. 25ஜி மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்துக்குள் இறங்கி நின்றன. உயிர்ச்சேதம் இல்லை. கீழே சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்தது. இளகிய மண்தான் காரணம் என்று சொன்னார்கள். மண்ணடி, வண்ணாரப்பேட்டைப் பக்கம் வீட்டுத் தரை வழியாகவும் ஆழ்துளைக் கிணறு வழியாகவும் சேறும் நுரையும் பொங்கிவந்த சம்பவங்கள் உண்டு. சுரங்க இயந்திரத்தின் முன்முகத்தில் மண்ணை இளக்குவதற்குச் செலுத்தும் நுரைதான் எளிய வழி தேடி மேலே வந்தது. உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய சட்டக் கல்லூரியின் பழைய கட்டடத்தில் விரிசல் என்று மாணவர்கள் போராடினார்கள். அண்ணா சாலைப் பகுதியில் ஒப்பந்தம் எடுத்திருந்த ரஷ்யாவின் மாஸ்மெட்ரோஸ்ட்ராய், இந்தியாவின் கேமன் கூட்டு நிறுவனத்தின் ஒப்பந்தம் 2015இல் ரத்தானது. பாதி தோண்டிய குழிகள் புதிய ஒப்பந்தக்காரருக்காகக் காத்துக் கிடந்தன. அண்ணா சாலையின் ஒரு பகுதி ஆண்டுக்கணக்கில் ஒருவழியாகவே இருந்ததை ஸ்பென்சர் பக்கம் பேருந்துக்கு நின்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இருந்தும் முடித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை முதல் சுரங்கப் பாதை 2017 மே 14இல் திறந்தது. 2018 மே 25இல் சென்ட்ரல். 2019 பிப்ரவரி 10இல் டிஎம்எஸ் முதல் வண்ணாரப்பேட்டை வரை. சென்ட்ரலில் ஒருபக்கம் 1873இல் எழுந்த ரயில் நிலையம், மறுபக்கம் 1913இல் முடிந்த ரிப்பன் மாளிகை. இரண்டுக்கும் நடுவே பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு அடியில் இரண்டு வழித்தடங்களும் இரு தளங்களில் சந்திக்கும் நிலையத்தைக் கட்டி முடித்தது சாதாரண வேலை இல்லை. உயர் நீதிமன்ற நிலையமும் அப்படித்தான். அந்தக் கட்டடத்தின் கோபுரத்தில்தான் 1894 முதல் 1977 வரை சென்னையின் கலங்கரை விளக்கு எரிந்தது. அதே வளாகத்தில் 1840களில் எழுப்பிய பழைய விளக்குத் தூணும் நிற்கிறது. இரண்டுக்கும் அருகே இன்று மண்ணுக்கடியில் ரயில் ஓடுகிறது.

இந்தியாவில் இந்த வேலைக்கு மூத்த ஊர் கல்கத்தா. 1972 டிசம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே முதல் ரயில் ஓடியது 1984 அக்டோபர் 24இல். வெறும் 3.4 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். சாலையை முழுக்கத் திறந்து தோண்டியதால் நகரத்தின் நடுப்பகுதி அந்தக் காலம் முழுக்க ஒரு பெரிய பள்ளமாகவே கிடந்தது. பிறகு வந்த கிழக்கு–மேற்கு வழித்தடத்தில் பிரச்சினை வேறு வடிவில் வந்தது. 2019 ஆகஸ்ட் 31 அன்று பவ்பஜார் பகுதியில் 'சண்டி' என்ற இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையைத் தொட்டுவிட்டது. தண்ணீரும் மணலும் சுரங்கத்துக்குள் பாய, மேலே பழைய வீடுகள் இடிந்து விழுந்தன. பொற்கொல்லர்கள் நிறைந்த அந்தத் தெருக்களிலிருந்து நூற்றுக்கணக்கானோர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு விடுதிகளுக்குப் போனார்கள். 2022இலும் அங்கே வீடுகள் விரிசல் கண்டன. ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் 2024 மார்ச்சிலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பவ்பஜாரைக் கடக்கும் துண்டு 2025 ஆகஸ்ட் வரை காத்திருந்தது. ஆற்றைவிடத் தெரு கடினம்.

டி-வால் மூட்டைப் பற்றி முன்பு சொன்னதற்கு ஜெர்மனியின் கொலோன் நகரம் சாட்சி. 2009 மார்ச் 3 அன்று அந்நகரத்தின் ஆவணக் காப்பகம் சில நிமிடங்களில் நொறுங்கி விழுந்தது. அருகே புதிய சுரங்க ரயில் பாதைக்காக ஆழக் குழி தோண்டியிருந்தார்கள். குழியின் சுவரில் இருந்த குறை வழியாக மண்ணும் நீரும் உள்ளே பாய, காப்பகத்துக்கு அடியில் தாங்க எதுவும் இல்லாமல் போனது. பக்கத்துக் கட்டடத்தில் இருந்த இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு கொண்ட ஏடுகள் சேற்றில் புதைந்தன. தொழில்நுட்பத்தில் யாருக்கும் சளைக்காத நாடு, பணத்துக்கும் பஞ்சமில்லை. ஒரு சுவர்த் துண்டைச் சரியாகக் கட்டாததும், அதைச் சரியாகப் பார்க்காததும்தான் குறை.

எனவே இந்த வேலையில் 'பார்த்துக்கொண்டே இருப்பது' பாதி வேலை. நிலையக் குழியைச் சுற்றியுள்ள கட்டடங்களில் சிறிய கண்ணாடித் துண்டுகளும் அளவுகோல்களும் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். கட்டடம் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது, எந்தப் பக்கம் சாய்ந்தது, டி-வால் எவ்வளவு வளைந்தது, நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கியது என்று நாள்தோறும் அளக்கிறார்கள். எச்சரிக்கை அளவு, வேலையை நிறுத்தும் அளவு என்று வரம்புகள் உண்டு. ஆனால் இந்தக் கணக்கு பொறியாளருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையில் மட்டுமே நடக்கிறது. தன் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் அந்தக் கருவி என்ன சொல்கிறது என்று வீட்டுக்காரருக்கு யாரும் சொல்வதில்லை. சுவரில் கீறல் தெரிந்தால் அது நேற்று வந்ததா, பத்து வருடப் பழசா என்று அவரே தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். வேலை தொடங்கும் முன் எடுத்த புகைப்படத்தையும், மாதாமாதம் எடுக்கும் அளவையும் அந்த வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டால் சண்டையில் பாதி குறையும். செலவு ஒன்றும் பெரிதில்லை.

நிலையம் கேட்கும் இடம் குழியோடு நிற்பதில்லை. நான்கு வாசல், காற்றோட்டக் கோபுரங்கள், குளிர்சாதனக் கருவிகள், தீயணைப்புத் தொட்டி, அவசர வெளியேற்றம் என்று தரைக்கு மேலேயும் அதற்கு நிலம் வேண்டும். நகரத்தின் நடுவே அந்த நிலம் யாருக்காவது சொந்தமாகத்தான் இருக்கும். ராயப்பேட்டை ஒயிட்ஸ் சாலையில் வரும் ஆயிரம் விளக்கு நிலையத்தின் வாசலை முதலில் அங்குள்ள கோயில் இடத்தில் அமைக்கத் திட்டமிட்டார்கள். எதிர்ப்பு வந்ததும் எதிரே இருக்கும் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமை அலுவலக வளாகத்துக்கு மாற்றினார்கள். அந்த நிறுவனம் நீதிமன்றம் போனது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நில எடுப்பு அறிவிப்பை ரத்து செய்து, முதலில் யோசித்த கோயில் இடத்தையே பயன்படுத்தலாம் என்றது. மக்களுக்குப் பயன்படும் வேலையைக் கடவுள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்பது தீர்ப்பின் சாரம். ஒரு வாசல் எங்கே வைப்பது என்பதற்கு இத்தனை அலைச்சல்.

பூங்காக்களுக்கு வழக்குப் போட ஆள் குறைவு. அதனால்தானோ என்னவோ நிலையங்கள் பூங்காக்களைத் தேடிப் போகின்றன. செனாய் நகரில் திரு.வி.க. பூங்கா முதல் கட்டத்துக்காக மூடப்பட்டது, மரங்கள் போயின, பத்தாண்டுக்கு மேல் கழித்து 2023இல்தான் புதுப்பித்துத் திறந்தார்கள். அங்கே ஊஞ்சல் ஆடிய பிள்ளைகள் அதற்குள் கல்லூரிக்குப் போயிருப்பார்கள். தியாகராய நகரில் பனகல் பூங்காவும் இப்போது அந்த வரிசையில். நிலையம் முடிந்த பிறகு பூங்காவைத் திருப்பிக் கொடுப்பார்கள். ஆனால் கூரைக்கு மேலே நிரப்பிய மண்ணின் ஆழத்துக்குத்தான் மரம் வளரும். ஆலும் அரசும் அங்கே இனி எதிர்பார்க்க முடியாது.

பனகல் பூங்காவைச் சுற்றியிருக்கும் கடைகளை எடுத்துக்கொள்வோம். தீபாவளி ஒரு மாத வியாபாரத்தை நம்பி ஓராண்டு வாடகை கட்டுகிற சின்னக் கடைக்காரர் பலர். கடைக்கு முன்னால் தகர பேரிகேட் நின்றால், கடை இடிக்கப்படவில்லை, நிலம் எடுக்கப்படவில்லை, ஆனால் வாடிக்கையாளர் வருவது நின்றுபோகிறது. கட்டடமோ நிலமோ போனவருக்கு இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. கடன் தரும் வெளிநாட்டு வங்கிகளும் மறுவாழ்வுத் திட்டம் கேட்கின்றன. இடம் போகாமல் வியாபாரம் மட்டும் போனவரின் கதி பெரும்பாலும் அந்த விதிகளுக்கு வெளியே நிற்கிறது. பாரிஸில் மெட்ரோ, டிராம் பணிகளின்போது கடைக்காரரின் வரவு-செலவுக் கணக்கைப் பார்த்து, வேலையால் எவ்வளவு குறைந்தது என்று கணித்து, வழக்கு இல்லாமலேயே பணம் கொடுக்கும் குழுக்கள் இயங்குகின்றன. 63 ஆயிரம் கோடித் திட்டத்தில் அதற்கு ஒரு சிறு தொகையை ஒதுக்குவது முடியாத காரியம் இல்லை. கணக்குப் புத்தகம் இல்லாத நடைபாதைக் கடைக்கு என்ன செய்வது என்று கேட்கலாம். தெருவோர வியாபாரிகளுக்கு மாநகராட்சி கொடுத்திருக்கும் அடையாள அட்டையை வைத்துத் தொடங்கலாமே.

வேலை முடிந்த பின்பு யாருக்குப் பயன் என்ற கேள்வியும் உண்டு. பெரிதாகக் கட்டினால் போதும் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருமயிலைக்கு மேலேயே உதாரணம் நிற்கிறது. 1997இல் திறந்த பறக்கும் ரயில் நிலையம் அது. பிரம்மாண்டமான கூடம், ஆனால் வருடக்கணக்கில் இருளும் வெறுமையும்தான் மிஞ்சின. பேருந்து நிறுத்தத்தோடு ஒழுங்காக இணைப்பு இல்லை. பறக்கும் ரயிலை மெட்ரோவோடு சேர்க்கும் ஏற்பாடுகள் இப்போது நடக்கின்றன. 35 மீட்டர் ஆழத்திலிருந்து வருபவர் மறுபடி வெளியே போய், வெயிலில் சாலையைக் கடந்து, பறக்கும் ரயிலுக்கு மூச்சு வாங்கப் படியேறவேண்டும் என்ற நிலை வந்தால் இத்தனை தோண்டியதும் வீண். முதல் கட்ட நிலையங்களில் இன்னொன்றையும் கவனித்திருக்கலாம். மழைநீர் உள்ளே வராமல் இருக்க வாசலை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். அதனால் கீழே இறங்கவேண்டியவர் முதலில் மேலே ஏறவேண்டும். வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு இது அவசியம்தான். சுனாமி ஏறிய மெரினாவில் இன்னும் அவசியம். ஆனால் அந்தச் சில படிகளுக்கும் சாய்தளமும் மின்தூக்கியும் ஒவ்வொரு வாசலிலும் வேண்டும். ஒரு வாசலில் மட்டும் வைத்துவிட்டுச் சாலையின் மறுபக்கம் போகச் சொல்வது முழங்கால் வலிக்காரரிடம் செய்யும் கேலி.

கலங்கரை விளக்கம் நிலையத்தின் நெருங்கிய அக்கம்பக்கம் நொச்சிக்குப்பம். சாலையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு 2024இல் அங்கே நவீன மீன் அங்காடி திறந்தார்கள். அந்த அங்காடிக்கும் நிலைய வாசலுக்கும் நடந்து போகும் தூரம்தான். வடக்கே பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து மீன்கூடையோடும் காய்கறி மூட்டையோடும் வரும் பெண்களுக்குப் புறநகர் ரயிலில் வெண்டர் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. மெட்ரோவில் அப்படி எதுவும் இல்லை. குளிரூட்டிய பெட்டியில் மீன் வாடைக்கு இடமில்லை என்பது புரிகிறது. ஆனால் மூன்று பெட்டி ரயிலில் காலை நேரத்துக்கு ஒரு பெட்டியின் ஓரம் ஒதுக்கமுடியாதா, மூடிய பெட்டியில் பனிக்கட்டியோடு கொண்டுவந்தால் அனுமதிக்கமுடியாதா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஸ்ரீசிட்டியில் பெட்டி செய்யும்போதே யோசித்திருக்க வேண்டிய விஷயம். மீனவக் குப்பத்தின் பக்கத்தில் நிலையம் கட்டிவிட்டு மீன்கூடைக்கு வழி விடாவிட்டால் அது யாருக்கான நிலையம்?

முதல் கட்ட ரயில்களில் 2025 ஜூலையில் மட்டும் ஒரு கோடியே மூன்று லட்சம் பேர் பயணம் செய்தார்கள். மண்ணுக்கடியில் ரயில் வேண்டுமா என்ற விவாதத்துக்குச் சென்னையில் இனி வேலை இல்லை. அந்த எண்ணிக்கையே பதில். எப்படிக் கட்டுகிறோம், கட்டும்போது யார் தாங்குகிறார்கள் என்பதுதான் மிச்சம். நான்காவது வழித்தடத்தின் பூந்தமல்லிப் பக்கத்து மேம்பாலப் பகுதியில் 2025 மார்ச்சில் சோதனை ஓட்டம் நடந்தது. மெரினா, மயிலாப்பூர், தியாகராய நகர் பக்கம் சுரங்கமும் நிலையங்களும் முடிந்தால்தான் அந்த ரயில் கடற்கரைக்கு வந்து சேரும். இரண்டாம் கட்டம் முழுவதையும் 2028க்குள் முடிப்பது அதிகாரப்பூர்வ இலக்கு. கடைக்காரருக்கு வருமான இழப்புத் தொகை, வீட்டுக்காரருக்கு அளவுக் கணக்கு, மீன்கூடைக்கு ஓர் இடம்: இந்த மூன்றையும் அரசு அறிவிக்க இன்னும் நேரம் இருக்கிறது.